டேவிட் என்று எழுதிய பிள்ளை

சின்ன டாக்டருக்கு,

உன் கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து குழந்தைகள் வார்டில் நீ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்கிற சேதி முதல் பாராவில் இருந்தது. இரண்டாவது பாராவில் விடுதிச் சாப்பாட்டைத் திட்டியிருந்தாய். மூன்றாவதில்தான் கடிதம் எழுதிய காரணம் வந்தது: "உங்கள் கேள்விப் பட்டியல் ஒரு பிரதி இருந்தால் அனுப்புங்கள், டாக்டரம்மா." உத்தியோகம் உனக்குக் கிடைத்திருக்கிறது, பாடம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பட்டியலைத் தேடி எடுத்தேன். நாற்பத்திரண்டு கேள்விகள், ஊதா மையில் நகலெடுத்தது. ஓரமெல்லாம் பழுத்துப்போய்விட்டது, பஜாரில் பக்கோடா போடுகிறவர் பார்த்தால் பொட்டலம் மடிக்கக் கேட்டு வாங்கிக்கொள்வார். இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் முதல் கேள்வியைச் சிவப்பு மையால் அடித்திருப்பதைப் பார்ப்பாய். ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இத்தனை தாள். இதை நீ உன் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டலாம், வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன் அப்பா வருகிற இடத்தில் மட்டும் இருமிவிட்டுத் தாண்டிக்கொள். அவர் எதிர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பு வழியாக நான் எழுதுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெற்ற பிள்ளை தாயை டாக்டரம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கொடைக்கானலில் சிரிக்காதவர்கள் கிடையாது. "ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்த பிள்ளை, நோயாளிகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பழகிவிட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பதுகளில் கல்லூரியிலிருந்து ஐந்து ஐந்து பேராக மாணவர்கள் ஒரு மாதம் தங்கிப் படிக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏறி வருவார்கள், உனக்கு நினைவிருக்கும். குழந்தை வைத்தியம் என்பது அப்போது பெரிய வைத்தியத்தின் கடைசிப் பெஞ்சு. பெரியவர்களுக்குக் கொடுக்கும் மருந்தில் கால்வாசி கொடுத்தால் குழந்தை வைத்தியம் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் வந்தார்கள். அதைவிடப் பலர் ஏரியில் படகு விட வந்தார்கள். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போதே இரவல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, மேலே வந்து இறங்கும்போது எல்லோரும் என் நோயாளிகளைவிட மோசமாக இருப்பார்கள். இருபது கட்டில், ஒரு ஆயா, இரண்டு நர்ஸ், நான் ஒரு டாக்டர். மூன்று மணிக்கு மூடுபனி ஜன்னல் வழியாக வார்டுக்குள் வந்துவிடும். கடைசிக் கட்டிலருகே நிற்கிற மாணவன் தூங்குகிறானா, குறிப்பெடுக்கிறானா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது நல்லது என்று பாடத்தைத் தொடருவேன்.

நான் அங்கே கற்றுக்கொடுத்ததில் முதல் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை: கையைச் சூடு பண்ணிக்கொள். ஒரு மாணவன் விடிந்ததும் விடியாததுமாக, ஏரித் தண்ணீரில் ஊறவைத்ததுபோல் இருந்த கையை ஒரு பெண் குழந்தையின் வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, "வயிறு பலகைபோல் இறுகியிருக்கிறது, உடனே அறுவை தேவை" என்று எழுதினான். அந்தக் கையை என் வயிற்றில் வைத்திருந்தால் என்னையும் அறுத்திருக்கத்தான் வேண்டும். அன்றிலிருந்து வார்டு வாசலில் ஒரு வெந்நீர்ப் பாத்திரம் வைத்தேன். நீயும் வை. நீ இருக்கும் ஊரில் குளிர் கிடையாது என்பாய். பரவாயில்லை. கையைத் துடைக்கும் நேரத்தில் அந்தக் குழந்தை உன்னை ஒரு தடவை பார்த்துக்கொள்ளும், நீயும் அதை ஒரு தடவை பார்ப்பாய்.

ஆரோக்கியமான பிள்ளை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு ஊரில் வேறு ஆளே கிடைக்காததுபோல் உன்னைத்தான் இழுத்துக்கொண்டு போவேன். உன் முழங்காலைத் தட்டாத, உன் தொண்டைக்குள் டார்ச் அடிக்காத டாக்டர் அந்தக் காலத்தில் கொஞ்சம் பேர்தான். ஒரு பரிசோதனைக்கு ஒரு ஆயக்குடிக் கொய்யா என்று நீ கூலி பேசிவைத்திருந்ததும், கூலி தராதவனுக்கு முழங்காலை வேண்டுமென்றே ஆட்டாமல் பிடித்துக்கொண்டு அவனைக் குழப்பியதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உனக்கு மணல்வாரி அம்மை போட்டபோது நான் வார்டில் மணல்வாரியைப் பற்றித்தான் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் உன் முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்தது உன் அப்பா, அல்ஜீப்ரா வாத்தியார். இதெல்லாம் சிறிய குற்றங்கள். பெரியதற்குப் போகும் வழியில் சும்மா சொல்லிவைக்கிறேன்.

பட்டியல் எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டணத்து மாணவர்களுக்குப் புத்தகத் தமிழ்தான் தெரியும், மலைக்காரர்களுக்கு அது தெரியாது. ஒருவன் ஒரு தாயிடம், "குழந்தைக்கு மலம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மலை நல்லாத்தான் இருக்குதுங்க, மழையத்தான் காணோம்" என்றாள். அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டுவந்து என்னிடம் விளக்கம் கேட்டான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, இன்னதை இன்ன வார்த்தையில் இன்ன வரிசையில் கேட்க வேண்டும் என்று நாற்பத்திரண்டு கேள்வி எழுதினேன். முதல் கேள்வி: "இந்தக் குழந்தை உங்களுடையதா?" ஏனென்றால் ஒரு குழந்தையோடு நாலு பெண்கள் வருவார்கள், நாலு பேரும் பதில் சொல்வார்கள், பெற்றவள் மட்டும் சும்மா நிற்பாள். ஆகவே முதலில் பெற்றவளைப் பிடி, மற்றவர்களை வராந்தாவில் உட்காரவை என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் பல் கூசுகிறது. மாணவர்களிடம், "முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதி வைத்தியம் முடிந்தது" என்பேன்.

நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். அந்தத் தடவை வந்த ஐவரில் ஒருவனுக்கு மஃப்ளர் என்று பெயர் வைத்திருந்தேன். உச்சி வெயிலிலும் கழுத்தில் சுற்றியிருப்பான். நல்ல படிப்பாளி, பட்டணத்தைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் காலையில் பண்ணைக்காட்டிலிருந்து இரண்டு பெண்கள் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். பத்து நாளாக விடாத காய்ச்சல், இரண்டு நாளாக வாந்தி, எதற்கெடுத்தாலும் சிணுங்கல். மஃப்ளர் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன், எல்லாம் என் காதில் விழுந்தது.

"இந்தக் குழந்தை உங்களுடையதா?"

"ஆமாங்க, எம்புள்ளதான்" என்றாள் ஒருத்தி. அவள் பெயர் வெள்ளையம்மா.

"இவங்க?"

"பக்கத்து வீடுங்க. தொணைக்கு வந்திருக்கா."

மஃப்ளர் சட்டப்படி அந்த இன்னொருத்தியை வராந்தாவுக்கு அனுப்பினான். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"குழந்தை பெயர்?"

"தவுடுங்க."

மஃப்ளர் டேவிட் என்று எழுதினான். மதம் என்கிற கட்டத்தில், கேட்காமலே, கிறிஸ்தவம் என்று நிரப்பினான். எங்கள் மலையில் பாதிரிமார் பள்ளிக்கூடமும் மாதா கோயிலும் இருக்கிற இருப்புக்கு அது சந்தேகப்பட வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"மற்ற குழந்தைகள்?"

"ரெண்டு பொட்டப்புள்ளைக. கல்லுக்குண்டாட்டம் கெடக்குதுக."

"வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல்?"

"எங்க வீட்டுலயா. ஒரு தும்மல்கூடக் கெடையாதுங்க."

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். நாற்பத்திரண்டு கேள்விக்கும் அவள் அவளுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள். நான் சீட்டைப் படித்தேன், பையனைப் பார்த்தேன், கழுத்தை மடக்கிப் பார்த்தேன், மூளைக் காய்ச்சல் என்றால் இறுகியிருக்கும், இறுகவில்லை. காச நோயாளி வீட்டில் யாரும் இல்லை. டைபாய்டு என்று தீர்மானித்து, அதைப் பற்றி இருபது நிமிஷம் பிரசங்கம் செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன், மூடுபனி வருவதற்கு முன்னால் முடித்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் ஐவரும் முறை வைத்து அவன் கட்டிலருகே போய், "டேவிட், டேவிட்" என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. இதை வைத்து அவர்களுக்குள் ஒரு சண்டை. காது கேட்கவில்லை என்றான் மஃப்ளர். இன்னொருவன் கட்டிலுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினான், பையன் திடுக்கிட்டான், கேட்கிறது என்றான் அவன். மஃப்ளர் விட்டுக்கொடுக்காமல் சீட்டில் "காது கேளாமை?" என்று கேள்விக்குறி போட்டு எழுதிவைத்தான். டைபாய்டில் குழந்தைகள் மந்தமாகத்தான் கிடக்கும், பெயரைக் கூப்பிட்டால் திரும்பாது என்று நான் இரண்டு பேரையும் அடக்கினேன். பெயர்தான் தப்பு என்பதற்கு எல்லோரும் விதவிதமாக மருத்துவக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் காலையில் அவன் இன்னும் மந்தமாக இருந்தான். ஆயா சவரியம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏலே தவுடா, இந்தா, ஒரு வாய் வாங்கிக்க."

பையனின் கண் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது.

"சவரியம்மா, என்ன சொல்லிக் கூப்பிட்டே?"

"தவுடான்னு கூப்புட்டேன். அதுதானே அவன் பேரு."

"சீட்டுல டேவிட்டுன்னு இருக்கே."

"அது உங்க சீட்டுல. டேவிட்டு என் தம்பி மகன், பஸ்ஸு ஸ்டாண்டுல முட்டாயி விக்கிறான். இவன் தவுடன், டாக்டரம்மா. தவுட்டுக்கு வித்த புள்ள. வராந்தாவுல ஒருத்தி நாலு நாளா உக்காந்து கெடக்காளே, அவ பெத்து, இவளுக்கு வித்தது."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. இந்தத் தம்பி நாப்பத்திரெண்டு கேட்டுச்சு. இத மட்டும் கேக்கல."

உன் மாணவர்களில் பட்டணத்துக்காரர்கள் யாராவது இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி விளக்கிச் சொல். ஒரு வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போனால், அடுத்து பிறப்பதை ஒரு பிடி தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடினால், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை. விற்ற பிள்ளையை வளர்ப்பது பெற்றவள்தான், ஆனால் என் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது, பிள்ளையும் அம்மா என்று கூப்பிடக் கூடாது. சொன்னால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். இப்போது என் முதல் கேள்வியை மறுபடி படித்துப் பார். வாங்கியவள் ஆமாம் என்றாள். பெற்றவளை நான் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் வராந்தாவுக்குப் போனேன், ஐவரும் நோட்டுப் புத்தகத்தோடு என் பின்னால் வந்தார்கள். அவள் பெயர் முத்துப்பேச்சி. "இது உன் புள்ளையா?" என்று கேட்டேன். நாலு நாளாகத் தோற்றுக்கொண்டிருந்த கேள்வியையே மறுபடி கேட்டேன் பார், அதுதான் படிப்பு.

அவள் எழுந்துவிட்டாள். "இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. அது வெள்ளையம்மா புள்ள" என்றாள். நோய்க்குப் பயந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது என்னைப் பார்த்துப் பயந்த முகம்.

உள்ளேயிருந்து வெள்ளையம்மா ஓடிவந்தாள். "அவள அப்பிடிக் கேக்காதீக தாயி. மூணு வருசமா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கா. இப்பப் புள்ள இந்தக் கெடையில கெடக்கும்போது சொல்லச் சொன்னா எப்பிடிச் சொல்லுவா?"

"விவரம் தர மறுக்கிறாங்க, மேடம்" என்றான் மஃப்ளர், எழுதிக்கொண்டே.

ஐவரையும் போய்க் கையைச் சூடு பண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் போனார்கள், அந்த அளவுக்கு அவர்களைப் பழக்கியிருந்தேன். அவர்கள் வெந்நீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் முத்துப்பேச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"நானும் ஒண்ண வித்தவதான். பதிமூணு வயசாகுது. நல்லா இருக்கான்."

அவள் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். நம்பவில்லை.

"எதுக்கு வித்தீக?"

"தவுட்டுக்குத்தான்."

"ஆருக்கு?"

"பழனியில ராவுத்தர் வீட்டம்மாவுக்கு."

"உங்கள அம்மான்னு கூப்புடுதானா?"

"இல்ல. டாக்டரம்மான்னு கூப்பிடுறான்."

அவள் தலையை ஆட்டினாள். "அப்பச் சரி" என்றாள். வைத்தியக் கல்லூரியில்கூட என்னை இவ்வளவு கறாராகப் பரீட்சை செய்ததில்லை.

அப்போதும் என் பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்ல வைக்கவில்லை. "நீ அவ இல்ல. ஆனா அவனப் பெத்தவள உனக்குத் தெரியும். அவளப் பத்திச் சொல்லு" என்றேன். அவள் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள். இவனுக்கு முன்னாடி பெத்தவளுக்கு மூணு. ரெண்டு பொறந்த கையோட போயிருச்சு. மூணாவது நடந்து திரிஞ்ச புள்ள. இதே மாதிரிக் காய்ச்சல், இதே மாதிரி வாந்தி, அப்புறம் தூங்கித் தூங்கிக் கிடந்து, கண்ணு ரெண்டும் ஒரு பக்கமாச் சொருகிப் போயிருச்சு. அவ புருசன் காப்பித் தோட்டத்தில் வேலை. இருமல்தான், ரெண்டு வருசமா. துப்புனா ரெத்தம் வருது. புள்ளை அவன் பக்கத்திலதான் படுக்கும். பெத்தவளுக்கு வெள்ளனே எழுந்திரிச்சு வேலைக்குப் போகணும்ல.

பிறகு செய்ய வேண்டியதை வெரசாகச் செய்தோம். முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்தேன். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் குழாயை ஆடாமல் ஜன்னலில் நிறுத்திவைத்தோம். மறுநாள் காலையில் அதற்குள் சிலந்தி வலைபோல் மெல்லிய ஒரு படலம் தொங்கியது. காச நோய் மூளைச் சவ்வைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அப்போது எங்களிடம் இருந்த சாட்சி அதுதான். ஊசி, மாத்திரை, மாதக்கணக்கில். தகப்பனுக்கும் தனியாக வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தோம். அதற்கு முன்னால் வந்த அந்த நோய்க் குழந்தைகளை நான் பறிகொடுத்ததுதான் அதிகம். இவன் பிழைத்தான். முழுதாகப் பிழைத்தான் என்று சொல்ல முடியாது. இரண்டு காதும் போய்விட்டன. நோயா, ஊசி மருந்தா, டைபாய்டு என்று நான் பிரசங்கம் செய்த நாலு நாளா என்று கேட்டால் எந்தப் புத்தகமும் பதில் சொல்லாது. மஃப்ளர் முதல் வாரத்தில் "காது கேளாமை?" என்று எழுதியிருந்தான் அல்லவா, நாலு மாதம் கழித்து அதில் கேள்விக்குறியை மட்டும் என் கையால் அடித்தேன். டேவிட் என்றாலும் தவுடன் என்றாலும் இப்போது அவனுக்கு ஒன்றுதான். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போகும்போது முத்துப்பேச்சி எனக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வெள்ளையம்மா மகன் நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் பழத்தை நீயும் தின்றிருக்கிறாய்.

இனி என் பெரிய குற்றம். படலம் தொங்கிய அன்று ஐவரும் குழாயைச் சுற்றி நின்றார்கள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க, மேடம்?" என்று மஃப்ளர் கேட்டான், அவன் குரலில் அப்படி ஒரு மரியாதை. "கவனிப்பு" என்றேன். அவன் அதை எழுதிக்கொண்டான். ஆயா கஞ்சி கொடுக்கும்போது சொன்னாள் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், தெரிந்தும் தோன்றவில்லை என்று சொல்லவில்லை. அடுத்து வந்த ஒவ்வொரு ஐவருக்கும் இந்தக் கேஸைச் சொன்னேன், சொல்லச் சொல்ல நான் இன்னும் கெட்டிக்காரியாகிக்கொண்டே போனேன். கடைசியில் சவரியம்மாவே கதையிலிருந்து காணாமல் போய்விட்டாள். ஒருநாள் நான் பாடம் எடுக்கும்போது அவள் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு டாக்டரம்மா, எந்த ஊருல நடந்துச்சு?" என்றாள். அதையும் நான் திருத்திக்கொள்ளவில்லை. முதல் கேள்வியையும் மாற்றவில்லை. மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் உன்னைச் சொல்ல வேண்டும்.

உன்னைச் சொல்கிறேன். உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு. முதலாவது ஒன்பது மாதத்தில் பேதியில் போனது. இரண்டாவது பிறந்த மூன்றாம் நாள், காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது நாங்கள் பழனியில் இருந்தோம், நான் புது டாக்டர், ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த அன்று உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். சாமி இல்லை, பூதம் இல்லை, சகுனம் இல்லை என்று மாதம் ஒரு கூட்டத்தில் பேசிவந்த மனிதர். குழந்தையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், பாத்திரக்கடை ராவுத்தரின் மனைவியிடம், "எங்க பிள்ளைய வாங்கிக்கிடுறீகளா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "வாங்கிக்கிடுறேன். ஆனா வீட்டுல தவுடு இல்லையே சார்" என்றார்களாம். உடனே இவர் அரிசி மில்லுக்கு ஓடி, தவிடு வாங்கிவந்து, அதை அவர்களிடம் கொடுத்து, அவர்கள் அதை என்னிடம் கொடுத்து உன்னை வாங்கிக்கொண்டார்கள். தன் பிள்ளையை விற்கத் தானே தவிடு வாங்கிக் கொடுத்தவர் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நான் வைத்தியம் படித்தவள், தடுத்திருக்கலாம். நான் கையை நீட்டித் தவிட்டை வாங்கிக்கொண்டேன். ராவுத்தரம்மா உன்னைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "எம்புள்ளைய நீங்களே கொஞ்ச நாளு வச்சு வளத்துக் குடுங்க. நான் கேக்கும்போது குடுக்கணும். அம்மான்னு மட்டும் கூப்புட விடாதீங்க" என்று திருப்பித் தந்தார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் உனக்கு ஏன் அந்த வீட்டிலிருந்து புதுத்துணி வந்தது, நீ பரீட்சையில் தேறியபோதெல்லாம் உன்னை ஏன் முதலில் அங்கே அனுப்பினேன் என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. நல்ல டாக்டராக வருவாய், கேள்வி கேட்க இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.

இப்போது உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "தவிட்டை விட்டுட்டு எழுதேன்" என்கிறார். "தவிட்டை விட்டுட்டு உமியையா எழுதுறது?" என்று கேட்டேன். மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார், தலைகீழாக.

அடித்த கேள்விக்கு மேலே புதிய கேள்வியை எழுதியிருக்கிறேன்: "இந்தப் பிள்ளையைப் பெற்றவளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்." என் பிள்ளை என்று சொல்லக்கூடியவளும் இதற்குப் பதில் சொல்லலாம், சொல்ல முடியாதவளும் சொல்லலாம். பெயர் எழுதும்போது உன் மாணவர்களை ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதச் சொல். குழந்தை திரும்பாவிட்டால் காதைச் சோதிப்பதற்கு முன்னால் சீட்டைச் சோதிக்கட்டும். ஆயாவிடம் மரியாதையாக இரு, அவளுக்குத் தெரிந்ததை அவள் பெயராலேயே மாணவர்களிடம் சொல். வராந்தாவுக்கு யாரையும் அனுப்பாதே. கூட்டமாக இருந்தால் இருக்கட்டும்.

பட்டியலை நிரப்புவது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்ட மாதிரிக்கு ஒன்று வேண்டுமே. இதை வைத்துக்கொள். பெற்றவளுக்கு இதற்கு முன்னால் இரண்டு, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது ஆண், பிறந்த அன்றே விற்பனை. வாங்கியவர் பழனியில் நலம், முழங்கால் வலி தவிர. பிள்ளைக்கு மணல்வாரி தவிரப் பெரிதாக ஒன்றும் வந்ததில்லை, காது நன்றாகக் கேட்கும், கூப்பிட்டால்தான் சில நாள் திரும்புவதில்லை. பெற்றவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கண்ணாடி மாற்றியிருக்கிறாள், தூக்கம் சுமார். பிள்ளை வேலையில் சேருவதற்கு முன்னால் பழனியில் இறங்கி, சொந்தக்காரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்று கேள்வி.

கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றுவிட்டது. உன்னை விற்று இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. படித்ததையும் மறக்கவில்லை, பிறருக்குச் சொல்லியும் கொடுத்தாயிற்று. இனிமேல் அந்த ஒரு வார்த்தையைத் தாளில் எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எதிர் நாற்காலியைப் பார்த்தேன். பகுத்தறிவாளர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "எதுக்கு வம்பு. பழையபடியே போடு."

இப்படிக்கு,
டாக்டரம்மா